நிமிர்த்தும் முன் அளந்து பாருங்கள்



அனைத்துலக விண்வெளி நிலையம் ஒரு நாளில் பல முறை நம் கெடா வானத்தைக் கடந்து போகிறது. நம் நாட்டு விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் 2007 அக்டோபர் 10ஆம் தேதி புறப்பட்டுப் போய்த் தங்கிய அதே நிலையம்தான் அது. ஆண்டில் சில நாள்கள் மட்டும் அந்த நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் படங்களை அனுப்பும். யூரி ககாரின் பிறந்து 80 ஆண்டுகள் ஆனதையொட்டி 2014 டிசம்பரிலும் இப்படிப் படங்கள் வந்தன. அவற்றைப் பிடிக்கப் பெரிய கோபுரமோ வட்டத்தட்டு அலைவாங்கியோ தேவையில்லை. அந்த அலைவரிசையைக் கேட்கக்கூடிய ஒரு கையடக்க வானொலியும், ஒரு கணினி அல்லது கைப்பேசியும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியும் இருந்தால் போதும். பீடோங் பள்ளித் திடலில் நின்றுகொண்டே பிடிக்கலாம்.

ஆனால் முதன்முதலாகப் பிடிப்பவர்களில் பலருக்குப் படம் நேராக வருவதில்லை. காற்றடித்த தென்னைமரம் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறது. செயலியிலேயே சாய்வைத் திருத்த ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் படம் நிமிர்ந்துவிடும். நண்பர்களுக்கு அனுப்பலாம், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

அந்தப் பொத்தானை உடனே அழுத்தாதீர்கள் என்கிறேன். படம் ஏன் சாய்ந்தது, எவ்வளவு சாய்ந்தது என்று அளந்த பிறகு அழுத்துங்கள். அறிவியல் மன்றங்களும் மாணவர்களுக்கு முதலில் அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், திருத்துவதைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படம் ஒலியாகும் விதம்

இந்த முறைக்கு மெதுவருடல் தொலைக்காட்சி என்று பெயர். எஸ்.எஸ்.டி.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1957, 1958ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்த கோப்தோர்ன் மெக்டொனால்ட் என்ற மாணவர் இதை உருவாக்கினார். அன்று 120 கோடுகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்ப 8 விநாடிகள் ஆயின.

அடிப்படை மிக எளிது. படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கோட்டையும் இடமிருந்து வலமாகப் படித்து, ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் ஒரு சுருதியாக மாற்றுகிறோம். கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300 ஹெர்ட்ஸ், சாம்பல் நிறத்துக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட சுருதி. ஒவ்வொரு கோட்டோடும் 1200 ஹெர்ட்ஸில் ஒரு சிறு துடிப்பு வரும். அதுவே கோட்டின் எல்லையைக் காட்டும் ஒத்திசைவுத் துடிப்பு. காதால் கேட்டால் ஏதோ பூச்சி விட்டு விட்டுக் கத்துவது போல இருக்கும். அந்தக் கத்தலுக்குள் ஒரு படம் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் புள்ளி எந்த நிறம் என்பதைச் சுருதி சொல்கிறது. அந்தப் புள்ளி எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்வது நேரம் மட்டுமே. அனுப்புகிறவரின் கடிகாரமும் வாங்குகிறவரின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்துக்கு வந்து சேரும்.

இது புதிய சிக்கல் அன்று. 1843இல் அலெக்சாண்டர் பெய்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தந்திக் கம்பி வழியாகப் படத்தை நகலெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கடிகாரத் தொழிலாளி. கம்பியின் இரு முனையிலும் ஊசல்களை ஆடவிட்டு, இரண்டும் ஒன்றாக ஆட வேண்டும் என்பதற்காகவே பாடுபட்டார். இன்று ஊசலின் இடத்தில் குவார்ட்ஸ் படிகம் வந்துவிட்டது. கவலை மட்டும் அதேதான்.

சாய்வு எங்கிருந்து வருகிறது?

கணினியில் ஒலியை வாங்கும் பாகம் ஒலி அட்டை. இன்று பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லாக இருக்கும். அது ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. இந்த 48,000ஐ எண்ணிக்கொடுப்பது உள்ளே அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். விலை குறைந்த படிகம் மிகச் சரியாக அதிராது. உங்கள் அட்டை விநாடிக்கு 48,002 முறை அளக்கலாம், பக்கத்து வீட்டு அட்டை 47,999 முறை அளக்கலாம். செயலிக்கு இது தெரியாது. 48,000 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறது.

இந்தப் பிழையை மில்லியனில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். மில்லியனில் 100 பங்கு என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெச்சூர் வானொலியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று மார்ட்டின் 1. அதில் படம் 320 புள்ளி அகலம், 256 கோடு உயரம். ஒரு கோட்டை அனுப்ப 446.446 மில்லிவிநாடி. முழுப் படத்துக்கு ஏறத்தாழ 114 விநாடி. ஒரு நிறத்தின் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் 0.4576 மில்லிவிநாடி.

கடிகாரம் மில்லியனில் 100 பங்கு பிழையாக ஓடினால், 114 விநாடியில் சேரும் பிழை 11.4 மில்லிவிநாடி. அதை 0.4576ஆல் வகுத்தால் 25 புள்ளிகள் வரும். அதாவது, முதல் கோடு சரியான இடத்தில் தொடங்கினால் கடைசிக் கோடு 25 புள்ளி தள்ளித் தொடங்கும். நேராக நின்ற விளக்குக்கம்பம் சாய்ந்துவிடும். உங்கள் அட்டை சொன்னதைவிட வேகமாக எண்ணினால் படம் கீழே போகப் போக வலப்பக்கம் நகரும். மெதுவாக எண்ணினால் இடப்பக்கம் நகரும்.

பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழையை ஒரு கோட்டில் யாராலும் பார்க்க முடியாது. 256 கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது. சாய்ந்த படம் உண்மையில் உங்கள் கடிகாரத்தின் பிழையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கருவி.

தோட்டத்துத் தராசு சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள் பல குடும்பங்களில் இருப்பார்கள். வெட்டிய பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுப்பார்கள். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்பதை மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியால் பார்ப்பார்கள். எழுதிவைக்கிற எண்ணைப் பொறுத்துத்தான் வருமானம்.

ஒரு தராசு நூற்றுக்கு ஒன்று குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 கிலோ கொண்டு வருகிறவருக்கு 200 கிராம் குறையும். வாளியைத் தூக்கிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 25 நாளில் 5 கிலோ போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எடை உறுதியாகத் தெரிந்த ஒரு படிக்கல்லைத் தராசில் வைத்துப் பார்ப்பது. சம்பளக் கணக்கைப் பிற்பாடு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுவது அதற்கு ஈடாகாது. தராசு கோணலாகவே இருந்தால் அடுத்த மாதமும் இதே கதைதான்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. வியாபாரத்தில் பயன்படும் தராசுகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரையிட வேண்டும். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது மீன்கடைத் தராசில் ஒட்டிய வில்லையைப் பாருங்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்யும் அண்ணனோ அக்காளோ உங்களுக்கு இருக்கலாம். அவர்களிடம் கேளுங்கள். தொழிற்சாலையில் அளவுக்கருவிகள்மீது ‘அளவுத்திருத்தம் செய்த நாள், அடுத்த நாள்’ என்று எழுதி ஒட்டியிருப்பதைச் சொல்வார்கள்.

படிக்கல்லை வைத்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் அளவுத்திருத்தம். ஒலி அட்டைக்கும் ஒரு படிக்கல் வேண்டும். அந்தப் படிக்கல் நேரம்.

ஒரு மணி நேரச் சோதனை

சிற்றலை வானொலி ஒன்று கையில் இருந்தால் இதைச் செய்யலாம். சீனாவின் நேர ஒலிபரப்பு நிலையமான பி.பி.எம். 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது. ஹவாயிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி.எச். நிலையமும் இதே அலைவரிசைகளில் அனுப்புகிறது. இரண்டின் துடிப்புகளுக்கும் பின்னால் இருப்பவை அணுக்கடிகாரங்கள்.

கணினியைப் போட்டு அரை மணி நேரம் சூடாகவிடுங்கள். படிகத்தின் வேகம் வெப்பத்துக்கு ஏற்பச் சிறிது மாறும். குளிர்சாதன அறையில் அளந்துவிட்டு நண்பகல் வெயிலில் திடலில் பயன்படுத்தினால் விடை பொருந்தாமல் போகலாம். எங்கே பயன்படுத்தப் போகிறீர்களோ அங்கேயே அளப்பது நல்லது.

பிறகு, ஒலிப்பதிவுச் செயலி ஒன்றில் (ஒடாசிட்டி இலவசம்) நேரத் துடிப்புகளை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக விடாமல் பதிவு செய்யுங்கள். ஒரு மணியின் தொடக்கத்தில் வரும் துடிப்பையும் அடுத்த மணியின் தொடக்கத்தில் வரும் துடிப்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை மாதிரிகள் என்று எண்ணுங்கள். எண்ணுவது செயலியின் வேலை, நீங்கள் இரண்டு இடத்திலும் குறியிட்டால் போதும்.

ஒரு மணிக்கு 3,600 விநாடி. 48,000ஆல் பெருக்கினால் 172,800,000 மாதிரிகள் வர வேண்டும். உங்களுக்கு 172,808,640 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 8,640 அதிகம். மில்லியனில் 50 பங்கு. உங்கள் அட்டையின் உண்மையான வேகம் விநாடிக்கு 48,002.4. இந்த எண்ணைச் செயலியின் அமைப்பில் எழுதிவிட்டால், அடுத்த படம் உங்கள் கடிகாரத்தின் காரணமாகச் சாயாது. ஜப்பானிய வானொலியாளர் மகோட்டோ மோரி எழுதிய எம்.எம்.எஸ்.எஸ்.டி.வி. செயலியில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நேரத் துடிப்புகளை அது திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும். கடிகாரம் சரியாக இருந்தால் கோடு செங்குத்தாக நிற்கும்.

ஏன் ஒரு மணி நேரம், ஒரு நிமிடம் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த மண்டலத்தின் உயரம் மாற மாற, துடிப்பு வந்துசேரும் நேரமும் முன்பின்னாகும். ஒரு மில்லிவிநாடி பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் அளந்தால் அது மில்லியனில் 17 பங்கு பிழையாகும். ஒரு மணி நேரத்தில் அளந்தால் 0.3 பங்குகூட இல்லை. விலை உயர்ந்த கருவி இல்லாதவர்களுக்கும் நீண்ட நேரம் அளக்கும் பொறுமை இருந்தால் துல்லியம் கிடைக்கும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்றச் சோதனைகளிலும் உதவும்.

வானொலியே இல்லையென்றால்?

மூன்று நண்பர்கள், மூன்று கைப்பேசிகள் போதும். அவற்றை அ, ஆ, இ என்று அழைப்போம்.

கணினியில் ஓர் ஒலிக்கோப்பு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒரு ‘டிக்’, சரியாக 1,200 விநாடி கழித்து, அதாவது 57,600,000 மாதிரி தள்ளி, இன்னொரு ‘டிக்’. அதை அ கைப்பேசியில் ஒலிக்கவிட்டு ஆ கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். புளூடூத் வேண்டாம், ஒலிபெருக்கியிலிருந்து நேரே ஒலிவாங்கிக்குப் போகட்டும். ஆவின் பதிவில் இரண்டு டிக்குகளுக்கும் நடுவே 57,601,728 மாதிரிகள் இருந்தால், ஆவின் கடிகாரம் அவைவிட மில்லியனில் 30 பங்கு வேகம்.

அடுத்து ஆவில் ஒலிக்கவிட்டு இயில் பதியுங்கள். இ, ஆவைவிட 10 பங்கு மெதுவாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவில் ஒலிக்கவிட்டு இயில் பதிந்தால் என்ன வர வேண்டும்? சோதிக்கும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள்: இ, அவைவிட 20 பங்கு வேகம். இப்போது சோதியுங்கள். 19, 21 என்று வந்தால் கைகுலுக்கிக்கொள்ளலாம். 40 என்று வந்தால் எங்கோ தவறு இருக்கிறது, தேடுங்கள். விடை சரியா தவறா என்று ஆசிரியரைக் கேட்க வேண்டியதில்லை. சோதனையே சொல்லிவிடும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. மூன்று கைப்பேசிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரியும். எது சரி என்பது தெரியாது. மூன்று பேரும் ஒரே தவற்றைச் சொன்னால் அது சரியாகிவிடாது. வெளியே ஒரு படிக்கல் வேண்டும். நம் நாட்டுக்கு அந்தப் படிக்கல்லை, அணுக்கடிகாரங்களைக் கொண்டு, சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் நிலையம் காக்கிறது.

எந்த நேரத்தைச் சரி என்று கொள்வது என்பதையும் மக்கள் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவில் எல்லாக் கடிகாரங்களும் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றானது. தாத்தா பாட்டியைக் கேளுங்கள், அந்த ஆண்டு புத்தாண்டு அரை மணி நேரம் முன்னதாகவே வந்ததைச் சொல்வார்கள்.

பொத்தான் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

எதிர்க்கருத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். இன்றைய செயலிகள் ஒவ்வொரு கோட்டின் ஒத்திசைவுத் துடிப்பையும் பார்த்துத் தாமாகவே சாய்வைத் திருத்துகின்றன. பெரும்பாலும் நன்றாகவே திருத்துகின்றன. படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு எஸ்.பி.எம். பாடச்சுமை வேறு. ஒரு மணி நேரம் டிக் டிக் சத்தத்தைப் பதிவு செய்து என்ன ஆகப் போகிறது?

என் பதில் மூன்று.

முதலாவது, பொத்தான் நல்ல சமிக்ஞைக்குத்தான் துணை. விண்வெளி நிலையம் தாழ்வாக இருக்கும்போது, குனோங் ஜெராய் மறைக்கும்போது, ஒலியில் இரைச்சல் ஏறும். இரைச்சலில் ஒத்திசைவுத் துடிப்பு தொலைந்துபோகும். அப்போது செயலி எதைப் பார்த்துத் திருத்தும்? இரைச்சலையே துடிப்பென்று நினைத்துப் படத்தைக் கோணலாக்கும். கடிகாரம் சரியாக இருந்தால் தொடக்கத்தை மட்டும் பிடித்துவிட்டு மீதியைத் தன் போக்கில் வரையலாம். நடுவே சில கோடுகள் இரைச்சலில் மறைந்தாலும் அடுத்த கோடு தன் இடத்திலேயே வந்து உட்காரும்.

இரண்டாவது, வாங்கும் பிழை உங்கள் வீட்டோடு போகும், அனுப்பும் பிழை ஊர் முழுக்கப் போகும். மலேசியாவில் அமெச்சூர் வானொலியில் ஒலிபரப்ப, பல்லூடக, தொடர்புத்துறை ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். நாளை நீங்கள் உரிமம் பெற்றுப் படம் அனுப்பும்போது உங்கள் கடிகாரம் பிழையாக இருந்தால், கேட்கிற எல்லோருக்கும் உங்கள் படம் சாய்ந்து வரும். பலர் தங்கள் கருவியைக் குற்றம் சொல்லிக்கொண்டு திருகிக்கொண்டிருப்பார்கள். சில கருவிகளில் பதிவுக்கு ஒரு கடிகாரமும் ஒலிப்புக்கு வேறொரு கடிகாரமும் இருக்கும். ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது பதில்தான் முக்கியமானது. எல்லாச் சாய்வும் பிழையன்று.

பிழையல்லாத சாய்வு

விண்வெளி நிலையம் பெரும்பாலும் பயன்படுத்தும் முறை பி.டி. 120. படம் 640 புள்ளி அகலம், அனுப்ப 126 விநாடி, ஒரு புள்ளிக்கு 0.19 மில்லிவிநாடி. நிலையம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அது அடிவானத்திலிருந்து உங்கள் தலைக்கு நேராக வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் அனுப்பி முடிக்கும் 126 விநாடிக்குள் உங்களுக்கும் அதற்கும் உள்ள தூரம் 800 கிலோமீட்டருக்கு மேல் குறைந்துவிடும்.

வானொலி அலை விநாடிக்கு 300,000 கிலோமீட்டர் போகும். 800 கிலோமீட்டர் குறைந்தால் பயண நேரம் சுமார் 2.7 மில்லிவிநாடி குறையும். ஆகவே படத்தின் கடைசிக் கோடு, முதல் கோட்டை வைத்து எதிர்பார்த்த நேரத்தைவிட 2.7 மில்லிவிநாடி முன்னதாகவே வந்துசேரும். 0.19ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 14 புள்ளிகள். உங்கள் கடிகாரமும் நிலையத்தின் கடிகாரமும் அணுவளவும் பிசகாமல் இருந்தாலும், படம் இடப்பக்கம் 14 புள்ளி சாய்ந்தே தீரும். நிலையம் தலையைத் தாண்டி விலகிப் போகும்போது தூரம் கூடும், சாய்வு வலப்பக்கம் மாறும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஒலி மாறுவதாகப் பாடத்தில் படிக்கும் டாப்ளர் விளைவுதான் இது. இங்கே அது படத்தில் தெரிகிறது.

எந்தச் சாய்வு கடிகாரப் பிழை, எந்தச் சாய்வு நிலையத்தின் ஓட்டம் என்று பிரிப்பது எப்படி? ஒரே கடப்பில் நிலையம் வரும்போது ஒரு படமும் போகும்போது ஒரு படமும் பிடியுங்கள். கடிகாரப் பிழை இரண்டிலும் ஒரே பக்கம், ஒரே அளவு இருக்கும். ஓட்டத்தால் வரும் சாய்வு பக்கம் மாறும். ஒரு சாய்விலிருந்து மற்றதைக் கழித்தால் உங்கள் கடிகாரப் பிழையும் நிலையத்தின் கடிகாரப் பிழையும் சேர்ந்தே மறைந்துவிடும். மிச்சம் இருப்பது விண்வெளி நிலையத்தின் வேகம். உங்கள் பள்ளித் திடலில், கையடக்க வானொலியை வைத்துக்கொண்டு, பூமியைச் சுற்றும் ஒரு பொருளின் வேகத்தை அளந்துவிட்டீர்கள்!

பொத்தானை முதலிலேயே அழுத்தியவருக்கு இந்த அளவு கிடைக்காது. செயலி கடிகாரப் பிழையையும் விண்வெளி நிலையத்தின் ஓட்டத்தையும் பிரித்தறியாமல் இரண்டையும் துடைத்துவிடும். படம் அழகாக நிமிர்ந்து நிற்கும், அதிலிருந்த செய்தி போய்விடும்.

மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளி அறிவியல் விழாக்களில் முடிவுகள் பளபளவென்று இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. வரைபடத்தில் புள்ளிகள் கோட்டின் மேலேயே விழ வேண்டும், படம் நேராக நிற்க வேண்டும். இந்த எதிர்பார்ப்பு மாணவர்களைக் கெடுக்கும் என்பது என் கருத்து. பிழையை மறைக்கப் பழகுகிறவர் பிழையை அளக்கக் கற்றுக்கொள்வதில்லை.

அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. எஸ்.எஸ்.டி.வி. படத்தைக் காட்சிக்கு வைத்தால் மூன்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்: திருத்தாத படம், திருத்திய படம், எவ்வளவு திருத்தினோம் என்ற எண். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று விளக்கும் மாணவருக்கே அதிகப் புள்ளி கொடுங்கள். ஒலிப்பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி வரையலாம். தொலைந்த பதிவை மறுபடி பிடிக்க முடியாது.

தோட்டப்புறத்துப் பள்ளியில் ஆய்வுக்கூடம் சிறியது, நமக்கெல்லாம் துல்லியமான அறிவியல் எட்டாது என்று சொல்கிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பிப் பாருங்கள். மூன்று கைப்பேசிகள், ஓர் இலவசச் செயலி, 20 நிமிடப் பொறுமை. இவற்றைக் கொண்டு மில்லியனில் சில பங்கு வரை அளக்கலாம். பணக்காரப் பள்ளியில் பொத்தானை அழுத்திப் படத்தை நிமிர்த்திய மாணவருக்குத் தன் கடிகாரம் எவ்வளவு பிழை என்பது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பால் நிறுத்த தாத்தாவுக்குத் தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் வாய்ப்பிருந்தது. படிக்கல்லை வைத்துச் சோதிக்கும் உரிமை எல்லா இடத்திலும் அவர் கையில் இருக்கவில்லை. இன்று உங்கள் கையில் இருக்கிறது. இந்த விடுமுறையில் இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு, மூன்று கைப்பேசிகளை மேசைமேல் வையுங்கள். மூன்றாவது விடையை முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு பதிவைத் தொடங்குங்கள்.